சில்லு மட்டும் லீவில்

கலியாணமாகி ஒன்பதாம் மாதம் மனைவிக்கு இறக்கக்கண்டிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. எனக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. அவள் அங்கேயே ஒரு வீட்டில் தங்கினாள், சனிக்கிழமையும் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

முதல் ஞாயிறு மிதித்துப் போனேன். பத்துப் பதினொரு மைல், முழுக்க எதிர்க்காற்று. போய்ச் சேர்ந்து அரை மணித்தியாலம் கதைக்க மூச்சு வரவில்லை. புது மாப்பிள்ளைக்கு இது அழகா? சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுவதென்று தீர்மானித்தேன்.

குசினிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டில்தான் பட்டறை. பழைய காரொன்றின் டைனமோ, ஒரு பற்றரி, இரண்டு சைக்கிள் செயின். டைனமோவுக்குக் கறண்டைக் கொடுத்தால் அதுவே மோட்டர் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். நான் எதையும் வாசித்துவிட்டுத்தான் பிழையாகச் செய்வேன். மிதிக்கும் செயின் வலப்பக்கம்; மோட்டர் செயினுக்காகப் பின்சில்லின் இடப்பக்கத்திலும் செயின் ஓடும் பல்லுச்சக்கரமொன்றை, ஒரு பிரீவீலை, ஒட்டுவித்தேன்.

இந்த வேலையில் மூன்று ஞாயிறு அவளிடம் போகாமலே கழிந்தது. நாலாம் ஞாயிறு பஸ்ஸில் அவளே வந்து இறங்கினாள்.

"இஞ்சேருங்கோ, காய்ச்சலோ வருத்தமோ எண்டு பயந்துபோனன்."

"வருத்தமில்லை. இஞ்ச பாரும்!"

சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சுவிச்சைப் போட்டேன். மோட்டர் உறுமியது. செயின் பறந்தது. பின்சில்லு அசையவில்லை.

"மோட்டர் ஓடுது, செயின் ஓடுது. சில்லு மட்டும் லீவிலையோ?"

வலப்பக்கத்துக்குச் செய்த பிரீவீல் அது. இடப்பக்கம் மாட்டினால் பின்னுக்குச் சுற்றும்போதுதான் சில்லைப் பிடிக்கும். முன்னுக்குச் சுற்றினால் கிர்ரென்று வழுகும். அதை அவளுக்கு விளங்கப்படுத்தினேன். சில்லையே கழற்றிக் காட்டினேன். கிறீஸ் கையோடு படமும் கீறினேன். அவள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்று ஊற்றிக் கையில் பிடித்திருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

"நாலு மணி பஸ்ஸை விட்டால் வேறை இல்லை," என்று எழும்பினாள். "மூண்டு கிழமை இதைத்தானே செய்தனீங்கள்?"

"உம்மட்டை கெதியா வரத்தானே."

"மெதுவா வந்திருக்கலாம்," என்றாள்.

பஸ் போன பிறகு பின்னாலேயே போக நினைத்தேன். சைக்கிள் நாலு துண்டாகக் கிடந்தது. அடுத்த ஞாயிறு மிதித்தே போனேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடவில்லை. ஆனால் அன்று அவள் கொண்டுவந்த மூன்று மணித்தியாலத்தில் இரண்டை ஒரு பிரீவீலுக்குக் கொடுத்தவன் நான். இப்போது அவள் இல்லை. தெருவில் யாராவது மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டுப் போகும்போது அந்தக் கிர்ர் கேட்கும். விளக்கத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணியை வாங்கிக் குடிக்கலாம் போலிருக்கும்.