ஃபிரண்ட் என்று எழுதாத கடிதம்

போன வாரம் பைக்கிலிருந்து விழுந்த என் மகனை ஒரு பையன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தான். "நீ இவனுக்கு என்ன வேணும்?" என்று சீட்டு எழுதுபவர் கேட்டதும், "ஃபிரண்ட்" என்றான், யோசிக்காமல். மகன் பிழைத்துக்கொண்டான். எனக்குத்தான் அந்தச் சொல் இன்னும் காதிலேயே நிற்கிறது. அதே சொல்லை நன்றாக யோசித்து ஒருமுறை விலக்கிவைத்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம். கோவில்பட்டியில், பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஆலையில் அப்பாவுக்கும் பக்கத்துத் தெரு ராவுத்தர் மாமாவுக்கும் ஒரே எந்திரத்தில் வேலை. ஒருநாள் மாமாவின் வலதுகையில் மூன்று விரல்கள் எந்திரத்துக்குள் போய்விட்டன. அவருடைய கவனக்குறைவு என்று சொல்லி ஆலை அவரை நிறுத்தப் பார்த்தது. பல்சக்கரத்தின் மூடி நாலு நாளாகக் கழன்று கிடந்ததை அப்பா பார்த்திருந்தார். வெளியூர் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சாட்சி சொல்லப் போன அப்பாவிடம், பார்த்ததை இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எட்டாம் வகுப்பில் இங்கிலீஷுக்கு நான்தான் முதல்.

"ஏட்டி, அவரு என் சேக்காளின்னு மொதல்ல போடு" என்றார் அப்பா.

சேக்காளி என்றால் நண்பன்; அதற்கு இங்கிலீஷ் தேடி, பரிசாக வாங்கிய அகராதியைப் பிரித்துவைத்துக்கொண்டேன். காம்ரேட், ஆலைக்கு எதிர்ச்சுவரில் சிவப்பாக எழுதியிருக்கும் சொல். மேனேஜர் பார்த்தால் அப்பாவுக்கும் சீட்டுக் கிழிந்துவிடும். பார்ட்னர் என்றால் பஞ்சுக்கடை முதலாளிகள். கம்பானியன், கதைப்புத்தகத்தில் குதிரையில் போகிறவர்களுக்கு. கலீக் என்று எங்கள் டீச்சர்கள்தான் ஒருவரையொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு உட்கார நாற்காலி வேண்டும். மிஞ்சியது ஃபிரண்ட். அதையும் அடித்தேன்.

"சேக்காளின்னா சாட்சி எடுபடாதுப்பா. வேண்டியவன் வேண்டியவனுக்குத்தான பேசுவான்னு தள்ளிருவாவ. ஃபெல்லோ ஒர்க்கர்னு போடுதேன். கூட வேலை பாக்குதவரு. ஆபீசுக்கு அதான் சரி."

அப்பா பற்றவைக்காத பீடியை வெகுநேரம் விரலிலேயே வைத்திருந்தார்.

"பதினஞ்சு வருசம்ட்டி... சரி, படிச்சவ நீ. எழுது."

கடிதத்தை வாசித்துக்காட்ட நானும் ஆபீசுக்குப் போயிருந்தேன். கைக்கட்டோடு மாமாவும் நின்றார். மேனேஜர் ஏதோ சொல்ல, குமாஸ்தா அப்பாவிடம் கேட்டார்: "இவரு உமக்கு வேண்டியவரா?"

"இல்லய்யா" என்றார் அப்பா, நான் எழுதியபடியே. "கூட வேலை பாக்குதவரு. அவ்வளவுதான்."

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு தன் கைக்கட்டைப் பார்த்தார்.

மாமாவின் வேலை நிலைத்தது. ஆலை வாசலில் காவல். என் இங்கிலீஷால் கிடைத்த வேலை என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருஷ நோன்புக்கும் மாமா வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வந்தது. எப்போதும் தானே கொண்டுவந்து, நோன்பு திறந்தபின் அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர், இந்தமுறை மகளை அனுப்பியிருந்தார். அவள் வாசலில் நின்று ஒப்பிப்பதுபோல் சொன்னாள்:

"கூட வேலை பாக்குதவிய வீட்டுல குடுத்துட்டு வான்னு அத்தா சொன்னாவ."

நான் தேர்ந்தெடுத்த சொல் அவர்கள் வீடுவரை போய்விட்டதே என்று எனக்கு ஒரே பூரிப்பு. அப்பா வாளியைத் திறக்கவில்லை. கொடியிலிருந்து சட்டையை உருவி மாட்டினார். செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி மாமா வீட்டுப் பக்கம் நடந்தார்.

"கஞ்சி ஆறிரும்ப்பா, குடிச்சிட்டுப் போங்க!" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன்.