ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு ரிலீவர்

கொரியாவில் என் வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்குக் கஷ்டகாலம்.

அப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். எப்போதும் இரண்டாம் ஷிப்ட்தான். மதியம் போனால் நான் தூங்கிய பிறகு வருவார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். மில்லில் மெஷின் மாட்ட வந்த கொரியாக்காரர் ஒருவர், தன் மகள் காலையில் பள்ளிக்குப் போனால் டியூஷன் எல்லாம் முடித்து இரவு பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்புவாள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா ஆடிப்போய்விட்டார். நானோ காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறி, ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஐந்தரைக்குத் திரும்புகிறவள். வந்ததும் தெருவில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடுவேன். முழு நாளில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அப்பா சரியாக அதில் கை வைத்தார்.

மில்லின் ஷிப்ட் அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எனக்கும் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஐந்தரை முதல் ஒன்பதரை வரை படிப்பு, ஞாயிறு உட்பட. மில்லில் ஒரு சட்டம் உண்டு. அடுத்த ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்காமல் யாரும் மெஷினை விட்டு நகரக் கூடாது. அதே சட்டம் எனக்கும்.

"ரிலீவர் வராம எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது. எடம் காலியா கெடக்கக் கூடாது, ஆமா" என்று அம்மாவிடமும் கறாராகச் சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகையாக வந்தது. அழுதுகொண்டே யோசித்ததில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பியின் ஞாபகம் வந்தது. இரண்டு கடலை மிட்டாய்க்கு அவன் ரிலீவராகச் சம்மதித்தான். அவனை நாற்காலியில் ஏற்றி, கையில் அறிவியல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நான் மட்டையோடு ஓடினேன். அம்மா அடுப்படியிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். இடம் காலியாக இல்லை. அம்மாவுக்கு அது போதும். அவளுக்கும் அந்தக் கொரியாப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. மில் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மாலை, மகள் படிக்கும் அழகைக் காட்ட அப்பா அந்தக் கொரியாக்காரரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். உள்ளே தம்பி அறிவியல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

தெருவிலிருந்து என்னை இழுத்து வந்தார்கள்.

"ஏய், படிக்கச் சொன்னா எங்க போன?"

"ரிலீவர் வந்துட்டான்லப்பா? நீங்கதான சொன்னீங்க" என்றேன்.

சட்டம் அவருடையது. விருந்தாளி என்ன விஷயம் என்று கேட்க, வேறு வழியில்லாமல் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த மனிதர் கையிலிருந்த பஜ்ஜி கீழே விழும்படி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் செல்போனை எடுத்துத் தம் மகளின் படங்களைக் காட்டினார். எல்லாப் படத்திலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கண் விழித்திருக்கும் படம் இல்லையா என்று அப்பா கேட்டார். அவள் விழித்திருக்கும்போது வீட்டில் இருப்பதில்லை, அதனால் தன்னிடம் இல்லை என்றார் அவர். அப்பா அந்தப் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொரியாவிலும் தூங்கத்தான் செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே குஷி.

மறுநாள் அட்டவணை சுவரில் இல்லை. அடுத்த வாரம் அப்பா முதல் ஷிப்டுக்கு மாறினார். விடியலில் எழுவது அவருக்கு வேப்பங்காய். ஆனாலும் இருட்டோடு மில் பஸ் ஏறினார். சாயங்காலம் ஐந்தரை ஆனதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தெருவில் போட்டு, நாங்கள் ஆடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். தோழிகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"எம்புட்டு நேரம்ப்பா இங்கயே உக்காந்திருப்பீங்க?"

"நீ வெளையாடு தாயி. நான் செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்."

தம்பியை நம்ப முடியாமல் தாமே காவலுக்கு வந்துவிட்டார் என்று தோழிகளிடம் சொன்னேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை அதையே சொன்னேன். ஒருநாளாவது அவர் என்னைப் படிக்கக் கூப்பிட்டாரா என்று நான் யோசிக்கவே இல்லை. அவரிடம் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும்படி சொன்னேன். அவரும் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டார்.