சம்பந்திகள் சிறப்புச் சுற்று

என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைத் தொலைக்காட்சிப் போட்டிக்குப் பதிந்துவிட்டாள். எங்கள் நாட்டுத் தமிழ் அலைவரிசை ஒன்றில் வாரந்தோறும் வரும் பொது அறிவுப் போட்டி அது. தீபாவளிக்காகச் சம்பந்திகளை மட்டும் ஜோடியாக அழைத்து ஒரு சிறப்புச் சுற்று நடத்தப் போகிறார்களாம். பெண்ணைப் பெற்றவர் ஒருவர், பையனைப் பெற்றவர் ஒருவர். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே மணி, ஒரே பதில்.

"நானும் உன் மாமியாருமா? உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"டிவி முன்னால உக்காந்து எல்லாக் கேள்விக்கும் கத்துறீங்கல்ல? அங்க போயிக் கத்துங்க லா," என்றாள்.

அது உண்மைதான். போர்டிக்சன் பக்கத்தில் எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை எனக்கு. மாலையில் வீட்டுக்கு வந்து அந்தப் போட்டியைப் போட்டுவிட்டால் அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். பதில் தெரியாமல் விழிப்பவர்களைத் திட்டும் சத்தம் பக்கத்து வீடுவரை கேட்கும். அறிவுப் போட்டி எனக்குப் பயமில்லை. சம்பந்தி அம்மாவோடு ஒரே மேசையில் உட்காருவதுதான் பயம்.

அவர் செரம்பான் பக்கம் ரஹாங்கில் இருக்கிறார். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி அவர் குரல் கடைசி வரிசைவரை போகும் என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. என்னிடம் பேசும்போது மருத்துவமனையில் நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரித்தான் பேசுவார். நானும் அப்படித்தான். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கல்யாணம் முதல் நாள் தேவாலயத்தில், மறுநாள் எங்கள் தோட்டத்துக் கோயிலில் என்று இரண்டு முறை நடந்தது. யார் மனமும் கோணிவிடக் கூடாது என்று அன்றைக்கு இரண்டு பேரும் நிறைகுடத்தைத் தலையில் வைத்தவர்கள் மாதிரி நடந்தோம். அதற்குப் பிறகும் அந்தக் குடத்தை இறக்கி வைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பெயர் தேர்வாகிவிட்டது என்று தகவல் வந்ததும் மகள் எங்கள் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் கேள்விகளாக அனுப்பத் தொடங்கினாள். சம்பந்தி தன் வேலை இடைவேளையில் எனக்குப் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேங்க, நீங்க?" என்று நலம் விசாரித்து முடிப்பதற்குள் பாதி இடைவேளை போய்விடும். பிறகு மாறி மாறிக் கேள்வி கேட்போம். தவறாகச் சொன்னால், "கிட்டத்தட்ட சரிதாங்க," என்போம். பொது அறிவில் கிட்டத்தட்ட என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் சொல்வோம்.

ஒருநாள் மட்டும் அவர் சிரித்துவிட்டார். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்பது கேள்வி. மூன்று என்று படித்துவிட்டு, "அலாமா, மூணா! புருசனுக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு குடுத்தாலும் தனக்குன்னு ஒண்ணு மிச்சம் இருக்கும்லா," என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே, "மன்னிச்சிக்குங்க, விளையாட்டுக்குச் சொன்னேன்," என்று பழைய குரலுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

ஒளிப்பதிவுக்குக் கோலாலம்பூர் போக வேண்டும். மாப்பிள்ளை காரை ஓட்ட, மகள் முன்னால் இருக்க, நாங்கள் இருவரும் பின்னால். "ஏசி குளிருதுங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, உங்களுக்கு?" என்றேன். "எனக்கும் இல்லைங்க," என்றார். சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் நடுங்கியபடியே போய்ச் சேர்ந்தோம்.

எங்களோடு இன்னும் இரண்டு ஜோடிகள். பினாங்கிலிருந்து வந்த இரண்டு ஆண்கள், ஈப்போவிலிருந்து ஓர் அம்மாவும் ஓர் ஐயாவும். விளக்கு வெளிச்சம் முகத்தில் சுட்டது. முதல் கேள்வி எங்களுக்கு.

"நம் நாட்டின் தேசிய மலர் எது?"

செம்பருத்தி. பாலர் பள்ளிப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

"நீங்க சொல்லுங்க சம்பந்தி," என்றேன்.

"இல்லைங்க, நீங்க பெரியவங்க, நீங்க சொல்லுங்க."

"அட, எதுக்குங்க, நீங்களே சொல்லுங்க."

நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது. அரங்கமே சிரித்தது. நடத்துநர் தம்பி கையிலிருந்த அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த முறை, சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் கோள் எது என்றார். சம்பந்தி என் காதில், "வெள்ளிதானே?" என்றார். புதன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தேன். நாலு பேர் எதிரில் எப்படி மறுத்துப் பேசுவது? மணியை அழுத்தி, "வெள்ளி!" என்று கணீரென்று சொன்னேன்.

இடைவேளையில் முகத்துக்குப் பவுடர் போட எங்களை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். மற்ற இரண்டு ஜோடிகளும் எங்கோ முன்னால் போய்விட்டார்கள். எங்கள் கணக்கில் ஒன்றுமே இல்லை. பவுடர் போட்ட பெண் வெளியே போனதும் சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"புதன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"...தெரியுங்க."

"பின்ன ஏன் சொல்லல?"

"உங்க மனசு நோகுமேன்னு."

"என் மனசு நோகாது சம்பந்தி! தோத்தாத்தான் நோகும்!"

அந்தக் குரல்! இயந்திர இரைச்சலைத் தாண்டுகிற குரல் அதுதான் போலிருக்கிறது. கண்ணாடி முன்னால் இருந்த சீப்பு அதிர்ந்தது. அவரே தன் சத்தத்தைக் கேட்டுத் திகைத்தார். பிறகு, விட்டால் இனி சொல்ல முடியாது என்பது போல ஒரே மூச்சில் சொன்னார்.

"சொல்லிடறேன். கல்யாணத்துல உங்க வீட்டுப் பாயசம் ஒரே இனிப்பு. எனக்குச் சக்கரை வியாதி. நீங்க ஊத்தினதையெல்லாம் குடிச்சிட்டு மறுநாள் லீவு போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதோடு கூடவே, பல நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது ஒன்று தானாக வெளியே வந்தது.

"நீங்க ஆர்கிட் பூ வேலை செஞ்ச சேலை குடுத்தீங்கள்ல? அந்தக் கலர் எனக்கு ஆகவே ஆகாது. நீங்க வரும்போதெல்லாம் அதையே கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"எனக்கும் பிடிக்கலலா அந்தக் கலர்! கடைக்காரன் தலையில கட்டிட்டான்!"

அவ்வளவுதான். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்து மை கலைந்து, பவுடர் போட்ட பெண் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு முகத்தையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

"இனிமே தெரிஞ்சதச் சொல்லணும்," என்றார் சம்பந்தி, மேடைக்கு நடக்கும்போது.

"தெரியாதத நீங்க சொல்லக் கூடாது," என்றேன்.

செம்பனை எந்தக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தது என்பது அடுத்த கேள்வி. சம்பந்தி மணியைத் தட்டிவிட்டு, "தென் அமெரிக்கா," என்று என் காதில் சொன்னார்.

"அது ரப்பர்! செம்பனை ஆப்பிரிக்கா!"

"நிச்சயமா?"

"தோட்டத்துல பொறந்தவகிட்ட வந்து கேக்குறீங்களே!"

"பொறந்துட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"அம்மா, ஒரு பதில்," என்று நடத்துநர் கெஞ்சினார்.

"ஆப்பிரிக்கா!" என்று நான் கத்தினேன். சரி.

மனித உடலின் நீளமான எலும்பு எது என்றபோது நான் முதுகெலும்பு என்று நினைத்து மணிக்குக் கையை நீட்டினேன். சம்பந்தி என் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்து, தானே மணியை அழுத்தி, "தொடை எலும்பு," என்றார். அதுவும் சரி. பார்வையாளர் வரிசையில் மகள் வாயில் கையை வைத்திருந்தாள். மாப்பிள்ளை பாதி எழுந்து நின்றார். எங்களுக்குள் பெரிய சண்டை மூண்டுவிட்டது என்றே இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள். அப்படி நான் மகிழ்ச்சியாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

விட்டதையெல்லாம் பிடித்து, கடைசியில் பினாங்கு ஜோடியோடு சமமாக வந்து நின்றோம். ஒரே ஒரு கேள்வி. யார் முதலில் மணி அடிக்கிறார்களோ அவர்களுக்கு.

"பறவைகளிலேயே மிகப் பெரிய முட்டையை இடுவது..." என்று நடத்துநர் ஆரம்பித்ததுமே சம்பந்தி மணியின் மேல் விழுந்தார். "தீக்கோழி!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தோம்.

"...தீக்கோழி," என்று நடத்துநர் பொறுமையாகப் படித்து முடித்தார். "அப்படியென்றால், மிகச் சிறிய முட்டையை இடும் பறவை எது?"

தூக்கணாங்குருவி என்றேன். சிட்டுக்குருவி என்றார் சம்பந்தி. இரண்டும் இல்லை. ஹம்மிங் பறவை என்று பினாங்குக்காரர்கள் சாவகாசமாகச் சொல்லிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களுக்குப் பலகாரக் கூடை கிடைத்தது. அதைத் திரும்பும் வழியிலேயே காரில் பிரித்துச் சாப்பிட்டோம். சம்பந்தி முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, இனிப்பையெல்லாம் என் மடியில் தள்ளினார். முன் இருக்கையிலிருந்து மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அவசரப்பட்டுட்டேன்ல?" என்று செரம்பான் வரும்போது சம்பந்தி கேட்டார்.

"ஆமா. ரொம்ப," என்றேன்.

"மொதல்ல அடிக்கவே இல்ல. கடைசியில கேக்கவே இல்ல," என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

தீபாவளியன்று எங்கள் வீட்டில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தோம். அவர் என் கையில் அடிக்கும் இடம் வந்ததும் என் வீட்டுக்காரர், "இத்தன வருசத்துல எனக்கு வராத தைரியம்," என்றார். அன்றைக்கு நான் எனக்குப் பிடித்த பச்சைச் சேலை கட்டியிருந்தேன்.

இப்போதெல்லாம் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வெளியே போகிறோம். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே நினைவில்லை. போன வாரம் போர்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். சம்பந்திதான் காரை ஓட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த லாரியை முந்தாதே, இப்போது சிக்னல் போடு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே சாலையோரமாகக் காரை நிறுத்திவிட்டு இறங்கி, சாவியை என் கையில் வைத்தார்.

"நீயே ஓட்டு."

ஓட்டினேன். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து அவர் என் கியரையும் பிரேக்கையும் குறை சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வளைவில் கடல் தெரிந்தது. "அங்க பாரு," என்றேன்.

"நீ ரோட்டப் பாரு," என்றார்.