அப்பா நன்மை வாங்காத ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் நாலாவது ஆளாக அப்பாவின் வயிறு இருந்தது. அப்பா, அம்மா, நான், அப்புறம் அது. கல்யாணமோ கருமாதியோ, அதன் சம்மதம் கிடைத்த பிறகுதான் வீட்டைப் பூட்டுவோம்.

அப்பா கடலூர் போகும் தனியார் பஸ் ஓட்டினார். கடைசி டிரிப் முடித்து அவர் வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் நான் தூங்கியிருப்பேன். வயிற்றில் கடமுடா என்று ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில் இடம் தேடியாக வேண்டும். இரண்டு முறை அரியாங்குப்பத்தில் பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு ஓட்டலின் பின்பக்கம் ஓடியிருக்கிறார். இரண்டாம் முறை அதை யாரோ செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி ஆனால் லைனில் இருந்து இறக்கிவிடுவேன் என்றார்.

எத்தனையோ மாத்திரைகளுக்குப் பிறகு ஒரு டாக்டர், ஆறு வாரம் கோதுமையும் பாலும் தொடாமல் இருந்து பாருங்கள் என்றார். துளி கூடக் கூடாது, தொட்டால் மறுபடி முதல் நாளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நாங்கள் இருந்த சாரம் பகுதியில், எங்கள் தெருவில் காலையில் பேக்கரியின் நீள ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்னாதவர்கள் குறைவு. அப்பாவுக்கு ரொட்டியும் போயிற்று, காப்பியும் போயிற்று. அம்மா சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டை விட்டு விரட்டினாள். பெருங்காய டப்பாவில் பொடி எழுத்தில் மைதா என்று போட்டிருப்பதைக் கண்டுபிடித்த அன்று, திருடனைப் பிடித்தவள் மாதிரி அதை உயர்த்திக் காட்டினாள். அடுப்படிக் காலண்டரில் தினமும் ஒரு எண் எழுதினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது தாண்டியபோது அப்பாவின் வயிறு நிஜமாகவே அடங்கியிருந்தது. எங்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்லவே பயமாக இருந்தது.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் பத்தியத்தில் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வகுப்பு எடுத்த சிஸ்டர், சாவான பாவம் என்கிற பெரும்பாவம் உள்ளவர்கள் நன்மை வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானோ நாலு ஞாயிறாகப் பார்க்கிறேன், எல்லாரும் எழுந்து போகும்போது அப்பா மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசை அக்கா ஒருத்தி அம்மாவிடம், "ஏன், அண்ணனுக்கு எதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டாள். அம்மா சிரித்து மழுப்பினாள். பஸ்ஸில் யாரையாவது இடித்துவிட்டு வந்து மறைக்கிறாரோ என்று எனக்குத் தூக்கமே போயிற்று. புதுநன்மை அன்று அப்பாவும் அம்மாவும் என் இரண்டு பக்கமும் நின்று என்னோடு சேர்ந்து வாங்க வேண்டும். அப்பா வாங்காமல் நின்றால் ஊருக்கே தெரிந்துபோகும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா வரும்வரை விழித்திருந்து கேட்டேவிட்டேன்.

"நீ ஏம்பா நன்மை வாங்கப் போவ மாட்டற? பாவம் எதாச்சும் பண்ணிட்டியா?"

அப்பா சிரித்தார். "இல்லம்மா. அதையும் கோதுமைலதான் செய்றாங்க. டாக்டர் தொடவே கூடாதுன்னாரு இல்ல?"

நிம்மதியில் எனக்கு அழுகையே வந்தது. ஆனால் நான் வகுப்பில் முதல் மாணவி. சிஸ்டர் பழகுவதற்காக எங்களுக்கு மந்திரிக்காத அப்பம் கொடுத்து, இது வெறும் மாவு, பூசையில் சாமியார் மந்திரித்த பிறகு இது மாவே இல்லை, ஆண்டவர் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ரிகர்சல்ல குடுத்ததுதாம்பா கோதுமை. ஞாயித்துக்கெழம குடுக்கறது ஆண்டவரு. அவரு எப்படி வயித்தக் கெடுப்பாரு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா காலண்டரைப் பார்த்தாள்.

"அப்ப சிஸ்டர் சொன்னது பொய்யா?" என்றேன்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த வெற்றியை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று அடுப்படியில் அம்மா தாழ்ந்த குரலில் சண்டை போட்டாள். "சாமியார்கிட்ட ஒரு வார்த்த சொன்னா, அப்பத்துக்குப் பதிலா பூசையில வைக்கிற திராட்ச ரசம் மட்டும் ஒரு சொட்டு குடுப்பாரு. அதுல என்னா வெக்கம்?"

"ஏற்கெனவே ஊரே படம் பாத்துடுச்சி. கோயில்லயும் போய் வயித்தக் காட்டச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை கவுனும் தலையில் பூமுடியும் கையில் மெழுகுவர்த்தியுமாக நடந்தேன். பின்னால் ஒரு பிள்ளை என் கவுனை மிதித்துக்கொண்டே வந்தது, நான் திரும்பவில்லை. என் கண்ணெல்லாம் அப்பாவின் கை மேல் இருந்தது. கை கூப்பியிருந்தால் வாங்குவார், தொங்கினால் மாட்டார். பாதி தூரம் வரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சாமியார் முதலில் எனக்குக் கொடுத்தார். அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. சிஸ்டர் சொன்னபடி ஜெபிக்காமல் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். சாமியாரின் கை அப்பாவின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா குனிந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆமென் சொல்லி வாயைத் திறந்தார்.

வீட்டில் பிரியாணி. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றார். "பாத்தியா" என்றேன்.

மறுநாள் காலண்டரில் முப்பத்தைந்துக்கு அடுத்த கட்டத்தில் அம்மா ஒன்று என்று எழுதியிருந்தாள். அம்மாவுக்குக் கணக்கு வராது என்று சொல்லிக்கொண்டே, நான் பென்சிலால் அதை முப்பத்தாறு ஆக்கினேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா மறுபடியும் அரியாங்குப்பத்தில் பஸ்ஸை நிறுத்தினார். அந்த மெல்லிய அப்பம் செய்த வேலையா, இரண்டு நாளாக அவர் சுமந்த பயம் செய்த வேலையா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதலாளிக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அடுத்த வாரம் அப்பாவை லைனில் இருந்து இறக்கி, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர் வாடகைக்கு விட்டிருந்த வேனை ஓட்ட அனுப்பிவிட்டார். சின்னச் சின்ன தூரம், தெருவுக்குத் தெரு தெரிந்த வீடுகள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுநன்மை அன்று எது கேட்டாலும் கிடைக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அப்பா வாங்கியதைப் பார்த்த பிறகு, நாக்கில் அது கரைவதற்குள் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா தினமும் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

முதல் நாள் வேனில் என்னை முன்சீட்டில் உட்கார வைத்தார். கருவடிக்குப்பம் பக்கம் திரும்பும்போது அவரிடம் ரகசியத்தைச் சொன்னேன்.

"நான் அன்னிக்கி ஆண்டவர்கிட்ட கேட்டது இதாம்பா. குடுத்துட்டாரு."

அப்பா கியரை மாற்றினார்.

"ஆமாம்மா. நீதான் வாங்கிக் குடுத்த" என்றார்.

அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முன்சீட் கிடைத்த பெருமையில், தெருவில் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.