ஆன்டோ ஆடாத ஆட்டம்

கடல் கடந்து நான் வந்து சேர்ந்த இந்தக் கல்லூரி ஊரில், இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் ஊரே ஒரே நிறத்தில் உடுத்துகிறது. வந்த புதிதில், பல் மருத்துவர் முதல் தபால்காரர் வரை ஆரஞ்சுச் சட்டையில் போவதைக் கண்டு எனக்குத் தைப்பூசம்தான் நினைவுக்கு வந்தது. திண்டுக்கல் வழியே பழனிக்கு நடக்கும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். "இன்று என்ன திருவிழா?" என்று பக்கத்து வீட்டு டேவிடிடம் கேட்டேன். "ஃபுட்பால்" என்றார். "எங்கள் ஊரிலும் உண்டு, பந்தைக் கையால் தொடவே கூடாது" என்றேன். தொடாமல் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வருடங்கள் கழித்து என் மகன் ஆன்டோவே அந்த ஆரஞ்சுச் சட்டையில் கல்லூரி அணிக்கு இறங்கினான். பந்தோடு ஓடி வருபவனை மறித்து வீழ்த்துவது அவன் வேலை. பார்த்ததும் புரிந்துவிட்டது, இது தலைக்கவசம் போட்ட கபடி. என் தம்பி சகாயம் வடமதுரைப் பக்கம் ஆடாத ஊரில்லை. சாயங்காலப் புழுதியில் அம்மாவும் நானும் பொரிகடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்போம். அவன் பாடிப் போகும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு வருடம் முழங்கால் வலியை மறைத்து இறுதி ஆட்டம் ஆடினான். கோப்பை வந்தது, கால் போனது. இன்றும் திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கும் தன் செல்போன் கடைக்குச் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான்.

இந்தப் பருவத்தில் ஆன்டோவின் அணி விழுந்தும் எழுந்தும் வந்தது. கடைசி ஆட்டத்தை வென்றால்தான் அடுத்த சுற்று. அதற்கு முந்தின ஆட்டத்தில் அவனுக்குத் தலையில் அடி. வீட்டுக்கு வந்தவன் வெளிச்சம் தாங்காமல் விளக்கை அணைக்கச் சொன்னான்.

"டீம் டாக்டர்கிட்ட சொல்லிராதீங்கம்மா. உக்கார வச்சுருவாங்க."

தாய்மாமன் சொன்னால் கேட்பான் என்று சகாயத்தைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஆன்டோ முந்திக்கொண்டான்.

"மாமா, அன்னைக்கு ஆடுனதுக்கு வருத்தப்படுறீங்களா?"



"பொய் சொல்ல மாட்டேன் மாப்ள. ஆடாம இருந்திருந்தாத்தான் வருத்தம்."

"ஏலே, இதுக்கா உன்னையக் கூப்பிட்டேன்?" என்றேன்.

"கேட்டான், சொன்னேன். வேறென்னக்கா செய்ய?"

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் ஆன்டோ தானே மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

"பயிற்சில சைகை மறந்துபோச்சும்மா. எந்தப் பக்கம் போகணும்னே தெரியல. நான் தப்பா நின்னா, பக்கத்துல நிக்கிறவன்தான அடி வாங்குவான்" என்றான். பிறகு அழுதான்.

அவன் இல்லாத அணி தோற்றது. கடைசி நிமிடம் வரை போராடித்தான் தோற்றது. ஆன்டோ மைதான ஓரத்தில் சாதாரணக் கோட்டு மாட்டிக்கொண்டு, திரும்பி வந்த ஒவ்வொருவனையும் கட்டிக்கொண்டான்.

பார்வையாளர் வரிசையில் இருந்த என் போனுக்குச் சகாயம் வீடியோவில் வந்தான். அங்கே விடிந்துகொண்டிருந்தது, அவன் தலைக்குப் பின்னால் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெளுத்துத் தெரிந்தது.

"மாப்ள எங்கக்கா?"

காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு காலையும் ஊணி நல்லாத்தான் நிக்கிறான்" என்றான்.

தோற்றாலும் இங்கே எல்லோரும் எழுந்து கல்லூரிப் பாட்டைப் பாடுவார்கள். எனக்கு அதில் பாதி வரிகள் இன்னும் வராது. நானும் எழுந்து நின்றேன். போனில் கோயில் மணி, எதிரே பேண்டு வாத்தியம். கையுறை போட்ட கையை ஆன்டோவைப் பார்த்து அசைத்தேன். கையுறை கழற்றிய மறுகை, திண்டுக்கல்லைப் பிடித்தபடி குளிரில் விறைத்துக்கொண்டிருந்தது.