மேசையில் அடிக்காத வங்கிப் பெண்

2007ஆம் ஆண்டு, தை மாதக் கடைசி. லண்டன் குரோய்டனில் டிராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி முருங்கைக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது உறைபனியில் வழுக்கி விழுந்தேன். முருங்கைக்காய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. என் வலது கணுக்கால்தான் இரண்டு இடத்தில் உடைந்தது.

அப்போது நான் சொந்தமாக ஒரு வான் வைத்து, மொத்த வியாபாரிகளிடம் மரக்கறி எடுத்து, நோர்பரியிலிருந்து விம்பிள்டன் வரைக்கும் எங்கள் ஆட்களின் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே. நான் படுத்தால் சம்பளம் தர ஆளில்லை. நாலு மாதத்துக்கு வண்டியோட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் அரைநாள் வேலை செய்தாள். அந்தக் காசு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமட்டாகப் போதும். ஆனால் வானை நான் வாங்கியது வங்கிக் கடனில். பத்தாயிரம் பவுண் தனிநபர் கடன், மாதாமாதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வானை விற்க வேண்டும். வானை விற்றால், கால் சுகமாகி என்ன செய்வது?

அப்போதுதான் காப்புறுதி நினைவுக்கு வந்தது. கடன் எடுத்த அன்றே அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு நோயோ விபத்தோ வந்து வேலை செய்ய முடியாமல் போனால், மாதக் கட்டணத்தைக் காப்புறுதி கட்டும் என்பது கதை. அதன் விலை இரண்டாயிரம் பவுணுக்கு மேல். அதையும் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருந்தார்கள். இருந்தாலும் அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம். “பாத்தியே, வெள்ளைக்காரன் நாங்கள் விழ முன்னமே மெத்தை போட்டு வச்சிருக்கிறான்” என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

தொலைபேசி எடுத்தேன். அரைமணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு குரல் வந்து, இந்தக் காப்புறுதி சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான், சொந்தத் தொழில் செய்பவர்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் மரியாதையாகக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கி நிலத்தில் குத்தினேன். அந்த வலிக்கும் சேர்த்து வங்கியைத் திட்டினேன்.

நோர்பரியில் நான் மரக்கறி போடும் கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். இப்படி ஏமாந்தவர்கள் பலர் முறைப்பாடு செய்து காசைத் திரும்ப எடுக்கிறார்கள், பேப்பரிலும் வருகிறது என்று அவர்தான் சொன்னார். “ஆனா சும்மா எழுதாதையும். கேஸ் ஸ்ட்ரோங்கா இருக்கவேணும்” என்றார்.

அகதியாக வந்த எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் முதலில் கேட்ட ஆங்கிலச் சொல்லே, அகதி விண்ணப்பத்தை நாங்கள் சொல்லும் ‘கேஸ்’தான். உன்னுடைய கேஸ் என்ன, அவனுடைய கேஸ் எப்படி, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ரோங் ஆக்கலாமா என்று பேசிப் பேசியே இந்த நாட்டில் வேர்விட்டவர்கள் நாங்கள். கட்டிலில் படுத்தபடியே நான் என் கேஸைக் கட்டத் தொடங்கினேன்.

என் மகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போவாள். ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் பள்ளி. பிள்ளைகள் வகுப்பில் இருக்க, பெற்றோர் கன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர் வம்பு பேசுவோம். அங்கே ஒரு மூலை மேசையில் ஒரு பெண் இருப்பார். என்னைவிட ஆறேழு வயது குறைவு. ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த குடும்பம். ஜெர்மனியில் இருந்து வந்தவர்களை நாங்கள் கொஞ்சம் பகிடி பண்ணுவோம். பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் முகம் சுளிப்பார்கள், பால் வாங்கிய ரசீதுக்கும் ஃபைல் வைத்திருப்பார்கள் என்று. இந்தப் பெண்ணோ அந்தப் பகிடிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருப்பார். பெரிய ஃபைல், கடதாசியில் துளைபோடும் கருவி, ஒரு கொப்பி, சீவின பென்சில் நாலு. கவுன்சில் கடிதமோ, பள்ளிக்கூட விண்ணப்பமோ, வரித் திணைக்களமோ, ஆட்கள் கொண்டுபோய்க் கொடுக்க, அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதிக் கொடுப்பார். கிழமை நாட்களில் அவர் அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போவார். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. காசு வாங்க மாட்டார். போட்டோக்கொப்பி எடுத்த சில்லறையை மட்டும் சதம் பிசகாமல் கேட்டு வாங்குவார்.

ஊன்றுகோலோடு போய் முன்னால் இருந்தேன். அவர் கொப்பியைத் திறந்தார்.

“அண்ணை, பாங்கிலை என்ன நடந்ததெண்டு முதலிலிருந்து சொல்லுங்கோ. நான் எழுதுறன். அடுத்த சனியும் சொல்லவேணும். அதுக்கடுத்த சனியும். மூண்டு தரம்.”

“ஏன் தங்கச்சி மூண்டு தரம்?”

“மூண்டு தரமும் மாறாமல் நிக்கிறதைத்தான் நான் கடிதத்திலை போடுவன்.”

எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஜெர்மன் புத்தி என்று நினைத்துக்கொண்டு என் கேஸை அவிழ்த்துவிட்டேன். வங்கியில் இருந்த பெண் மேசையில் ஓங்கி அடித்தாள், காப்புறுதிக்குக் கையொப்பம் வைக்காவிட்டால் கடனே இல்லை என்று கத்தினாள், விசாவுக்கும் பிரச்சினை வரும் என்று வெருட்டினாள். சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. தங்கச்சி சொன்னதைச் சொன்னபடி எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை திரும்பச் சொன்னேன். முடித்ததும் அவர் முந்தின பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“அண்ணை, போன கிழமை அவ மேசையிலை அடிச்சவ. இந்தக் கிழமை அடிக்கேல்லை. வாற கிழமை அடிப்பாவோ?”

பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏன் தங்கச்சி, நீங்கள் பாங்க்காரரின்ரை ஆளோ?”

“இல்லை அண்ணை, நான் உங்கடை ஆள்தான். அதுதான் கேக்கிறன்.”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன். வீட்டில் போய் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். பெரிய நீதிபதி என்று அவவுக்கு நினைப்பு, துடைப்பக்கட்டை பிடிக்கிறவ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறா என்றுகூடச் சொன்னேன். அப்படிச் சொன்னதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. மனைவி சோற்றைப் போட்டுவிட்டு ஆறுதலாகக் கேட்டாள்:

“எந்தப் பிள்ளை மேசையிலை அடிச்சது? உங்கடை நீட்டுப் பேரை ஒரு எழுத்தும் பிழைவிடாமல் எழுதினதெண்டு ரெண்டு நாள் சொல்லித் திரிஞ்சனீங்களே, அந்தப் பிள்ளையோ?”

உண்மைதான். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் என் பெயரை ஒருவரும் ஒழுங்காக எழுதியதில்லை. பாதியில் வெட்டுவார்கள், முன்னுக்குப் பின் மாற்றுவார்கள். அந்தப் பெண்தான் மெல்லக் கேட்டுக் கேட்டு எழுதி, சரியா என்று எனக்குக் காட்டினாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுதான் இருக்கும். குடிக்கத் தண்ணீர்கூடக் கொண்டுவந்து தந்தாள். அவளைத்தான் நான் இரண்டு கிழமையாக ராட்சசி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை போவதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் வான் கண்ணுக்குள் வந்து நின்றதால் போனேன். கோபித்துக்கொண்டு போனவன் திரும்பி வந்திருக்கிறான் என்று அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பென்சிலை எடுத்தார்.

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் கத்தவில்லை. காப்புறுதி கடனோடு சேர்ந்தே வருகிறது, இனி உங்களுக்குக் கவலையில்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பதை அவள் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. என்ன தொழில் என்று கேட்டாள், சொந்தமாக மரக்கறி விநியோகம் என்றேன், அதை அவளே படிவத்தில் எழுதினாள். பிறகு கையொப்பம் வைக்கும் இடங்களில் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டுத் தந்தாள். வைத்தேன். அவ்வளவுதான்.

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தார். “அண்ணை! சொந்தத் தொழிலெண்டு அவவே தன்ரை கையாலை எழுதினவவோ?”

“ஓம்.”

“இதை ஏன் முதல் ரெண்டு தரமும் சொல்லேல்லை? சொந்தத் தொழில் செய்யிற ஆளெண்டு தெரிஞ்சுகொண்டே உதவாத காப்புறுதியை வித்திருக்கினம். இதுக்குமேலை என்ன வேணும்?”

மேசையில் அடிக்க வைப்பதிலேயே குறியாக இருந்ததில், என் கையில் இருந்த ஒரே நல்ல ஆயுதத்தை நானே மறந்துபோயிருந்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்: “அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சிராது. வித்துக்கொண்டு வா எண்டு மேலை இருக்கிறவை சொல்லியிருப்பினம். நாங்கள் இல்லாததை எழுதினா அவவின்ரை வேலையெல்லோ போகும்.”

என்ன வந்ததோ தெரியவில்லை, அந்தக் கன்டீனில் வைத்து அவரிடம் என் அகதி விண்ணப்பக் கதையைச் சொன்னேன். நான் வந்த புதிதில், ஊரில் நடந்ததைக் குடிவரவு அதிகாரிகளிடம் நடந்தபடியே சொன்னேன். சில மாதத்தில் கடிதம் வந்தது. நான் சொன்னது நம்பத்தகுந்ததாக இல்லை என்று எழுதியிருந்தது. மேன்முறையீட்டில் வென்று இங்கே இருக்கக் கிடைத்தாலும், அந்த ஒரு வரி என்னைவிட்டுப் போகவில்லை. வெறும் உண்மையோடு போய் நின்றால் எங்களை எவரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குள் ஊறிவிட்டது.

அவர் கடதாசிகளைத் தட்டி நேராக்கினார்.

“எனக்கும் அந்தக் கடிதம் வந்தது அண்ணை. ஜெர்மன் பாஷையிலை” என்றார். பிறகு ஆங்கிலத்தில் முதல் வரியை எழுதத் தொடங்கினார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். வங்கிப் பெண் என்னை மரியாதையாக நடத்தினார் என்றும் தங்கச்சி அதில் எழுதியிருந்தார். கடைக்காரர் அதை வாசித்துவிட்டு, எதிரிக்கு ஏன் சேர்ட்டிபிக்கட் கொடுக்கிறீர் என்று தலையில் கைவைத்தார். இருந்தாலும் அனுப்பினேன். வங்கி அதை நிராகரித்தபோது, பார்த்தீரா என்று கடைக்காரர் கேட்டார். தங்கச்சி அசையவில்லை. வங்கியின் பதிலுக்கு இரண்டு துளைபோட்டு ஃபைலில் வைத்துவிட்டு, இப்படியான முறைப்பாடுகளை இலவசமாக விசாரிக்கும் நடுநிலை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தார். விசாரணை முடியும் வரை மாதம் கொஞ்சமாகக் கட்ட விடும்படி வங்கிக்கு இன்னொரு கடிதமும் எழுதினார். அந்தக் கடிதம்தான் வானைக் காப்பாற்றி வைத்தது. ஒவ்வொரு சனியும் வானை விற்றீர்களோ என்று கேட்பார். இல்லை என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளின் கடிதத்தை எடுப்பார்.

கோடையில், கால் இன்னும் வீங்க வீங்க, திரும்ப வண்டியோட்டத் தொடங்கினேன். ஒருநாள் மத்தியானம் விம்பிள்டனில் வாழைக்குலை இறக்கிவிட்டு வானுக்குள் ஏறியபோது கைத்தொலைபேசி அடித்தது. அந்த நடுநிலை அலுவலகத்திலிருந்து ஒரு ஆண் குரல். ஆறுதலாகப் பேசினார். வங்கியில் நடந்ததை என் வாயால் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு, அந்தப் பெண் உங்களை வற்புறுத்தினாரா, மிரட்டினாரா என்று கேட்டார்.

வானுக்குள் வேறு ஒருவரும் இல்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, உங்களிடம் ஏன் மறைப்பான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லை, அவர் என்னிடம் அன்பாகத்தான் நடந்தார் என்றேன். என் பெயரைச் சரியாக எழுதியதையும் சொன்னேன்.

அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர், நீங்கள் சொல்வதும் எழுதியதும் வங்கி அனுப்பிய படிவமும் ஒன்றாகவே இருக்கின்றன, நான் உங்களை நம்புகிறேன் என்றார். அவருக்கு அது வேலையில் சொல்லும் சாதாரண வார்த்தையாக இருக்கலாம். நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நாற்பது வயது மனிதன், குழந்தைமாதிரி அழுதேன். வாகனத் தரிப்புக்கு அபராதத் துண்டு எழுத வந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. காப்புறுதிக்கென்று எடுத்த பணத்தையும் அதன்மேல் போட்ட வட்டியையும் வங்கி திருப்பித் தந்தது. நிலுவை தீர்ந்தது, வான் தப்பியது. ஒரு பெட்டி மாம்பழத்தோடு போய் தங்கச்சியின் முன்னால் நின்றேன். அவர் கடிதத்தை வரி வரியாக வாசித்துவிட்டு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். மாம்பழத்தை அங்கேயே வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

அந்தக் காசு எப்போதோ செலவாகிவிட்டது. அவர்கள் குடும்பமும் சில வருடங்களில் லண்டனைவிட்டு வேறு நகரத்துக்குப் போய்விட்டது. ஆனால் என் கேஸைப் பார்த்த வழக்கறிஞர்களும் எங்களை இங்கே கொண்டுவந்த ஏஜென்டுகளும் எனக்குக் காட்டித் தராத ஒன்றை, அலுவலகம் துப்புரவு செய்த அந்தப் பெண் ஒரு கொப்பியையும் பென்சிலையும் வைத்து எனக்குக் காட்டித் தந்தார். எனக்கு நடந்தது எதுவோ அதுவே போதும், அதை வைத்துக்கொண்டே நான் எவர் முன்னாலும் நிமிர்ந்து நிற்கலாம் என்ற தைரியம், வானுக்குள் அழுத அந்த மத்தியானத்திலிருந்து இன்றுவரை என்னோடு இருக்கிறது.