முறுக்குக்குப் பசிக்கவில்லை

2010 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி ஏழு பத்து. சிதம்பரத்தில் மூன்றாவது நாளாக விடாத மழை. என் கம்ப்யூட்டர் திரையில் பேத்தி. அவள் இருக்கும் மெல்போர்னில் அப்போது பகல் பன்னிரண்டு நாற்பது.

"இன்னிக்கி எத்தன கண்ணு?"

"ஜீரோ தாத்தா."

தட்டிலிருந்த இட்லியை நகர்த்தி வைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்பது வயதுப் பேத்தி ஒரு பியர்டட் டிராகன் குட்டி வளர்க்கிறாள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கழுத்தில் முள்தாடி வைத்த, நம் வேலி ஓணானின் ஆஸ்திரேலியப் பங்காளி. வயது நாலு மாதம். கண்ணாடிப் பெட்டியில் குடித்தனம். உயிருள்ள சிள்வண்டுதான் முக்கிய ஆகாரம். நான் அனுப்பிய முறுக்குப் பார்சல் போய்ச் சேர்ந்த அன்று வாங்கியதால் அதற்குப் பெயர் 'முறுக்கு'.

ஓணானைப் போய் வளர்ப்பார்களா என்று நானும் முதலில் முகம் சுளித்தவன்தான். ஆனால் முறுக்கு வருவதற்கு முன் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு எப்படி இருந்தது? நல்லா இருக்கியா? "ம்." சாப்ட்டியா? "ம்." ஐம்பது வினாடியில் முடிந்துவிடும். நேரம் பார்த்திருக்கிறேன்.

முறுக்கு வந்த பிறகு அது எத்தனை சிள்வண்டு தின்றது என்று எனக்காகத் தமிழில் எண்ணிச் சொல்ல ஆரம்பித்தாள். "முப்பத்தி ஏழு... முப்பத்தி எட்டு... இன்னும் பாக்குது தாத்தா!" எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் அவள் தடுமாறுவதைக் கேட்க, அந்தக் குட்டி நூறு தின்னாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 24: நாற்பத்தொன்று. 31: முப்பத்தெட்டு. நவம்பர் 7: நாலு. இப்போது ஜீரோ.

திரையில் என் மகள் வந்தாள்.

"அப்பா, இவ ஊருக்கு வர மாட்டேன்னு அடம் புடிக்கறா. பக்கத்து வீட்டம்மா, முறுக்கு நல்லா இருந்தா பாத்துக்கறேன், சீக்காளிய விட்டுட்டுப் போகாதேன்னுட்டாங்க. புதங்கெழமக்குள்ள டிக்கெட்டுக்குப் பணம் கட்டலேன்னா புக்கிங் போயிடும்."

பேத்தியை நேரில் பார்த்து மூன்று வருடம் இரண்டு மாதம். போன தடவை எங்கள் வீட்டுக் கழிவறையைப் பார்த்து அழுதாள் என்று, இந்த டிசம்பருக்காக வெஸ்டர்ன் டாய்லெட் கட்டி வைத்திருக்கிறேன். அதில் சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவள்தான் பிரிக்க வேண்டும்!

யாரைக் கேட்பது? கடலூரில் என் மச்சான் இருக்கிறான். காலமான என் மனைவியின் தம்பி. குமராட்சிப் பக்கம் முப்பது வருடம் மாடு பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர். அவன் போன் மழையில் செத்துக் கிடந்தது. நேரில் போகலாம் என்றால், புதுச்சத்திரத்தில் ரோட்டின் மேல் தண்ணீர். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். வியாழக்கிழமைதான் பஸ் ஓடியது.

கடலூர் போய் மச்சான் வீட்டுக்குள் நுழைந்தேன். ஹாலில் ஆள் இல்லாமல் டியூப்லைட் எரிந்தது. அணைத்தேன். கை தானாகப் போகிறது... என்ன செய்ய?

"மாமா! வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்களா? நாலு யூனிட் ஏறினா என் பென்ஷன் என்ன முழுகிடுமா?"

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பத்திக் கேளுங்க, சொல்றேன். ஓணானுக்கு வைத்தியம் கேக்க வந்துட்டாரு!" பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "அந்த வேலியில தெனம் ஏழெட்டு ஓணான் காயும். இந்த மழையில ஒண்ணாச்சும் இருக்கா? வெயில் ஏறி ஒடம்பு சுட்டாத்தான் அதுக்குப் பசி. சில்லுன்னு கெடந்தா தின்னதும் செரிக்காது, திங்கவும் தோணாது. பொட்டிக்குள்ள வெயிலுக்கு என்ன பண்றாங்க? பல்பு கில்பு வெச்சிருப்பாங்களே?"

பல்பு.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்புறம் சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தான்.

"மாமா... அங்கியும் அணைச்சிட்டீங்களா?"

அக்டோபர் 31. திரையில் பேத்தியின் பின்னால் ஒரு பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. "பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு? அணைச்சிடு கண்ணு" என்றேன். "இல்ல தாத்தா, அது..." என்று என்னவோ சொல்ல வந்தாள். "ஜன்னல்லதான் இவ்ளோ வெளிச்சம் வருதே!" என்று வாயை அடைத்துவிட்டேன். முறுக்கின் பெட்டி முழுக்க அவள் பொறுப்பு. தாத்தா பேச்சைத் தட்டக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறாள் என் மகள். அன்றிலிருந்து பேத்தி அதைப் போடவே இல்லை.

கடலூரிலேயே ஒரு பூத்தில் நுழைந்து போன் போட்டேன். அங்கே சாயங்காலம். பேத்திதான் எடுத்தாள். தப்பு தாத்தாவுடையது என்று சொன்னேன். அவள் கேட்டாள்:

"அப்ப லைட்டு போடலாமா தாத்தா?"

என்னிடம் அனுமதி கேட்கிறாள்! "போடும்மா. எரியட்டும்" என்றேன்.

பகலில் மட்டும்தான் போட வேண்டுமாம்; மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பல்பு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை திரை திறந்ததும், நான் கேட்பதற்கு முன்பே கத்தினாள். "பதினேழு தாத்தா! பதினேழு!" எனக்கும் அன்றுதான் இட்லி இறங்கியது.

ஆனால் புதன்கிழமை போய்விட்டதே? டிக்கெட் கைவிட்டுப் போயிருந்தது. புது விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நான் தருகிறேன் என்றேன், மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. "அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம்ப்பா" என்றாள் மகள். டாய்லெட்டின் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. எழுபத்தைந்து வாட் பல்பு, நாளுக்குப் பத்து மணி நேரம், பத்தொன்பது நாள். பதினாலேகால் யூனிட் மிச்சம் பிடித்திருக்கிறேன். எங்கள் வீட்டு ரேட்டில் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு.

என் டிசம்பரை நான் விற்ற விலை, இருபத்தைந்து ரூபாய் அறுபத்தைந்து காசு.